பலகையின் பின்பக்கம்

எனக்கு அவரைத் துளைகளின் வழியாகத்தான் தெரியும்.

நான் கோட்லோப் கிரானெபூல்,
பிராண்டன்பர்க் பைன் காட்டுக்குள்
பீரங்கிச் சுடுதிடலின் தச்சன்.
விடியலில் ஒரு படையை நிறுத்துவேன்:
பலகைக் காலாட்கள் இருநூறு,
பலகைக் குதிரைகள் நாற்பது
(குதிரைக்கு வால் வைப்பதில்லை, ஆணி வீண்).
பொழுது சாய்வதற்குள் அதை விறகாக்கித் தருவார்கள்.
என் வீட்டு அடுப்பு குளிர்ந்ததே இல்லை.

ஹார்ட்விக் ஃபொன் டிரெவெலோ முதன்முதல் வந்தபோது லெப்டினன்ட்.
காதில் பஞ்சு வைக்காத வீம்பு.
குறி விழுந்ததும் மற்றவர்கள் தொப்பி வீசிக் கூவிவிட்டுச்
சாப்பிடப் போவார்கள்.
இவர் மட்டும் மணலில் கால் புதைய நடந்து வந்து
ஒவ்வொரு துளையிலும் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார்.
"இது நேராக வந்திருக்கிறது. இது புரண்டு வந்திருக்கிறது.
கிரானெபூல், இந்தச் சிம்பு எத்தனை அடி பறந்தது?"
எண்ணிச் சொல்வேன். எழுதிக்கொள்வார்.
சில நாள் எண்ணாமலும் சொன்னேன்,
ஜனவரிக் குளிர் அப்படி.
பிற்பாடு அந்த எண்கள் அச்சேறின.
அட்டவணையின் மூன்றாம் பத்தியில் இருந்த என் பொய்களைப்
படை முழுக்க மனப்பாடம் செய்தது.

கேப்டன் ஆனார்.
வெண்கலமா எஃகா என்று பெர்லினில் வழக்கு.
மார்பு நிறையப் பதக்கம் வைத்திருந்த கிழவர்களெல்லாம் வெண்கலம்.
இவர் எஃகு.
ஆண்டுக்கொரு மனு அனுப்பினார்,
ஆண்டுக்கொரு மனு சிவப்பு மை பட்டுத் திரும்பியது.
பன்னிரண்டு ஆண்டு அதே பதவி, அதே கோட்டு,
முழங்கையில் ஒட்டு.

போஹீமியாவிலிருந்து மேஜராகத் திரும்பினார்.
இடக்காது அங்கேயே தங்கிவிட்டது.
"வலப்பக்கம் நின்று பேசு" என்றார்.
நின்றேன்.

பிறகு பிரான்சு.
ஒரு கோட்டை ஊர், அதன் பெயரை என்னிடம் சொன்னதில்லை.
எட்டு இரவு சுட்டார்களாம்,
ஒன்பதாம் காலை வெள்ளைக்கொடி.
அந்தக் கொடி இவரை ஜெனரல் ஆக்கியது.

வசந்தத்தில் திடலுக்கு வந்தார்.
எல்லாரும் விறைத்து நின்றோம்.
துளைகளைப் பார்க்கவில்லை.
நேரே பலகையைச் சுற்றிக்கொண்டு
பின்பக்கம் போனார்.

"இங்கே என்ன வைக்கிறாய்?"
"முட்டுக்கட்டை, ஐயா. அதற்கப்பால் மணல்."
வலக்காதுக்குள் கத்த வேண்டியிருந்தது.
"மணல்" என்றார்.
சற்றுப் பொறுத்து:
"ஒரு ரொட்டிக்கடைச் சுவர்.
மூன்றாம் குண்டில் விழும் என்று கணக்கு.
மூன்றாம் குண்டில் விழுந்தது.
அதற்குப் பின்பக்கம் இருந்தது, கிரானெபூல்."
வேறொன்றும் சொல்லவில்லை.
கையுறையிலிருந்து எதையோ தட்டினார்.
ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மனம் மாறிப் படையை விட்டார் என்று நினைக்காதீர்கள்.
மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுட்டார்கள், நன்றாகவே சுட்டார்கள்.
அவர் கையேடு எழுதினார், பரிசோதனைத் தலைவரானார்,
'மேன்மை தங்கிய' என்று பெயருக்கு முன் ஒரு வால் முளைத்தது.
ஒன்றே ஒன்றுதான்:
வருடாந்தரச் செலவுப் பட்டியலில் புதிதாய் ஒரு வரி,
'இலக்குகளுக்குப் பின்சுவர்.'
காரணம் எழுதமாட்டார்.
பெர்லின் அடித்துத் திருப்பும். மறுபடி எழுதுவார்.
எஃகுக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்த மனிதர் அல்லவா.
இதற்கு ஒன்பதுதான் கிடைத்தது,
அதற்குள் ஓய்வு ஆணை வந்துவிட்டது.

கடைசியாக வந்த நாளுக்கு முன்னிரவு
மிச்சப் பலகையில் நானே ஒன்று அடித்தேன்.
ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல்,
ரொட்டி ஆறவைக்க ஜன்னலடியில் ஒரு தட்டு.
சுற்றி வந்தார், பார்த்தார்.
இப்போது வலக்காதும் இல்லை,
நான் வாய் திறக்கவில்லை.
தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.
"ஆணி போதாது" என்றார்.

திங்கட்கிழமை அதையும் சுட்டார்கள்.
சிம்பு எங்கெங்கோ பறந்தது.
புது லெப்டினன்டுகள் சாப்பிடப் போயிருந்தார்கள்.
என்னை யாரும் எண் கேட்கவில்லை.
அன்றுதான் எண்ணினேன்,
நடந்து நடந்து, இருட்டும்வரை.