பொதுச்சுவர்

மேல் இறக்கை பத்தொன்பதரை அடி.
ஷெட் பதினேழு.
மூலைக்கு மூலை சாய்த்தாலும்
முக்கால் அடி இடிக்கிறது.
முதலிலேயே அளந்திருக்கலாம் என்றாள் சபுரா.
அளந்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன் என்பதை
அவளிடம் சொல்லவில்லை.

கார் மூன்று வருடமாகத் தெருவில்.
வாலிநோக்கத்து உப்புக்காற்று
அதன் கதவடியைத் தின்று முடித்துவிட்டு
இப்போது என் கம்பிகளைத் தேடுகிறது.
ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவி
சைக்கிள் டியூபில் சுற்றி வைத்திருக்கிறேன்.
பகலெல்லாம் உப்பள லாரிக்கு ஸ்பேனர் பிடித்த கை
ராத்திரியில் விரல் தடிமன் விலாக்களுக்குப் பசை தடவும்.
காயும்வரை கவ்விப் பிடிக்க
வீட்டுத் துணிக்கிளிப் அத்தனையும் ஷெட்டில்.
கச்சான் காற்றில் எங்கள் கைலிகள்
எனக்கு முன்பே பறந்துவிட்டன.

கிழக்குச் சுவர் பொது.
பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது.
அந்தப் பக்கம் அண்ணன் மீரான்கனி.
வாப்பா மவுத்தான பிறகு
ஒரு மோட்டார் ரூம் விஷயத்தில்
பதினோரு வருடம் பேச்சில்லை.
பள்ளியில் ஒரே சஃப்பில் நின்றாலும்
நடுவில் ஓர் ஆள் இருக்கும்படி
இருவருமே பார்த்துக்கொள்வோம்.

அவர் மகன் இல்யாஸிடம் சொல்லி அனுப்பினேன்:
மூன்றடி உயரம், எட்டங்குல அகலம்,
அப்புறம் நானே பூசித் தருகிறேன்.
பதில் இல்லை.
வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால்
ஷெட்டுக்குள் வெளிச்சம்.
அந்தப் பக்கமிருந்து உடைத்திருக்கிறார்,
நான் கேட்டதைவிட ஒரு செங்கல் கூடுதலாக.

அன்றிலிருந்து ரெண்டரை அடி இறக்கை
அவர்கள் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில்.
யார் தலையும் இடிக்காதிருக்க
நுனியில் கோணிச்சாக்கு கட்டியிருந்தது.
யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை.
வலைமுடிச்சு.

துணி போர்த்தியாயிற்று.
விலாவோடு சேர்த்துத் தைக்க இரண்டு பேர் வேண்டும்,
நிறுத்திவைத்த இறக்கைக்கு
இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.
என் ஷெட்டுக்குள் சபுரா தைத்தாள், திட்டிக்கொண்டே.
கடைசி இரண்டு விலா அண்ணன் வீட்டில்.

மதினி நாற்காலி போட்டாள். ஒன்றுதான்.
உட்கார்ந்து ஊசியைக் குத்தினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு நூல் நகர்ந்தது, இறுகியது,
ஊசி என்னிடம் திரும்பி வந்தது
விலாவை ஒட்டி,
நான் குத்தியதைவிட நேராக.

முகம் தெரியவில்லை.
துணிக்குப் பின்னால் பல்பு,
பல்புக்கு முன்னால் ஒரு கையின் நிழல்.

நாலாவது முடிச்சில் கேட்டார்:
இதில் எத்தனை பேர் உட்காரலாம்?

ஒரு ஆள் என்றேன்.

ஊசி
அந்தப் பக்கமே நின்றது
கொஞ்ச நேரம்.
பிறகு வந்தது.