கதவு சாத்துதல்

எழுநூறு குதிரைகள். ஓடியதென்னவோ நாலே நொடி.
முன்கண்ணாடியின் இடது மூலையில்
ஒரு கீறல் கிளம்பி
அவசரமில்லாமல் குறுக்கே நடந்து போனது.
அன்றிலிருந்து ஓட்டுநர் கதவு மூடவில்லை.

"எஞ்சினைத் திட்டாதே" என்றாள் குன்வோர்,
லூலியோ நகராட்சியின் பனி அள்ளும் லாரிகளுக்கு
வெல்டு வைப்பவள்.
"வால்வோ இல்லை இது, பிழிந்து போட்ட துணி."

டிசம்பர் முழுக்கப் பெயிண்டைச் சுரண்டினோம்.
தொழிற்சாலை ஒப்புக்கு வைத்த புள்ளிகளுக்கு நடுவே
விரல்நீளத் தையல்.
இடப்பக்கம் ஒன்று. ஆறவிட்டு, வலப்பக்கம் ஒன்று.
அவசரப்பட்டால் தகடு கோணிக்கொள்ளுமாம்,
அவளுடைய முதல் கல்யாணம் மாதிரி.

அடிச்சட்டத்தில் குறுக்கே குழாய்.
கூரைக்குள் இரும்புக் கூண்டு.
பின்சீட்டு போய்விட்டது;
மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மே மாதம், புல் முளைத்த பழைய விமான ஓடுதளம்.
கிளட்சை விட்டேன்.
உடல் முனகவில்லை.
பின்னால் எங்கோ வெடித்தது:
அச்சு இரண்டு துண்டு.

குன்வோர் குனிந்து பார்த்தாள்,
பல்லெல்லாம் தெரிய நிமிர்ந்தாள்.
"பார்த்தாயா, இப்போது வேறிடத்தில் முறிகிறது!"

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.
க்ளிக்.
திறந்து,
மறுபடியும் சாத்தினேன்.