மூன்றாம் நாள் நிறம்

டெப்ரெட்சென் மருத்துவமனையின் நிலவறையில்
தட்டுகளைப் பார்ப்பது என் வேலை.
ஆட்டு இரத்தம் கலந்த கூழ்,
அதன்மேல் யாரோ இருமித் துப்பிய சளியின் கீற்று.

வியாழன், ஒன்றுமில்லை.
வெள்ளி, வெளிறிய சில துளிகள்.
‘தோலிலிருந்து ஒட்டிய அழுக்கு’ என்று எழுதப்
பேனாவை எடுத்தேன்.
பாதி வாரம் அப்படித்தான் எழுதுகிறோம்,
பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.

சீட்டு கண்ணில் பட்டது:
போர்டாஷ் வெண்டெல், ஐம்பத்தெட்டு.
மாற்றுச் சிறுநீரகம், பதினான்கு மாதம்.

எறியவில்லை. திரும்ப உள்ளே வைத்தேன்.

வந்தாரை வாழவைக்கும் உடம்பாக
அவரை ஆக்கியிருந்தார்கள்,
இரண்டு வேளை மாத்திரை கொடுத்து.
வந்தவள் ஒருத்திதான்:
மைத்துனி பிரோஷ்காவின் சிறுநீரகம்.
அவளுக்கென்று திறந்த கதவு
ஆள் பார்த்தா திறந்திருக்கும்?

ஐந்தாம் மாடியில் முதலில் காசநோய் என்றார்கள்,
பிறகு புற்று.
நுரையீரலில் கோழிமுட்டை அளவு பொந்து.

ஞாயிறு. எனக்கு விடுப்பு. வந்தேன்.
தட்டு முழுக்கப்
பல் முளைக்காத குழந்தையின் ஈறு நிறம்,
ஈரமாக, மினுங்கிக்கொண்டு.
ரோடோகாக்கஸ்.
பதினேழு வருடமாகப் புத்தகத்தில் மட்டும் இருந்த பெயர்.
அழகாக இருந்தது.
அறிக்கையில் அதற்குக் கட்டமில்லை.

‘குதிரை வைத்திருக்கிறாரா, கேளுங்கள்’ என்றேன்
டாக்டர் எமெஷெயிடம்.
கேட்டாராம்.
வெண்டெல் சிரித்து, சிரிப்பு இருமலாகி,
ஹோர்தோபாஜ் புல்வெளியில் முப்பத்தொன்று என்றாராம்.
போன கோடையில் மூன்று குட்டிகள்
இப்படித்தான் இரைத்து இரைத்துச் செத்தன,
காய்ந்த சாணப் புழுதியில் இருப்பது என்று
மாட்டு டாக்டர் அன்றே சொன்னார்,
‘என்னை யாரும் கேட்கவில்லையே.’

இனி மூன்று மருந்து, பல மாதம்.
பழைய மாத்திரை பாதி.
உடம்பு கொஞ்சம் கண் விழிக்கும்.
விழித்தால் பொந்தை மட்டுமா பார்க்கும்,
பிரோஷ்காவையும் பார்க்கும்.
எவ்வளவு விழிப்பு, எவ்வளவு தூக்கம்,
அந்தக் கணக்கு என் தளத்தில் போடுவதில்லை.

அவர் முகம் எனக்குத் தெரியாது.
உயரமோ குட்டையோ,
மீசை உண்டோ இல்லையோ.
ஆனால் தினமும் காலையில் கையுறை மாட்டுமுன்
கணினியில் அவருடைய கிரியாட்டினினைத்
திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கிறேன்.
நூற்று முப்பத்திரண்டு.
நூற்று நாற்பது.
நூற்று ஐம்பத்தொன்று.
நேற்றும் நூற்று ஐம்பத்தொன்று.

இன்றையது இன்னும் ஏற்றவில்லை.