பழுது என்று விற்றது

இரவு இரண்டு பதினேழு.
தெங்காவில் இன்னும் சாவி வாங்காத ஒருவரின் சமையலறைக்குக்
கணினியில் காலை வெயில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
வெயில் சிங்க் வரைக்கும் வந்தது.
திரை அணைந்தது.

விசிறிகள் மட்டும்
சாங்கியில் ஏறப்போகும் விமானமாய் இரைந்தன.
பொத்தானை அமுக்கிப் பிடித்து அடக்கினேன்.
மறுபடி ஏற்றினேன். மறுபடி வெயில், மறுபடி சிங்க்,
மறுபடி இருட்டு.

யாரைச் சந்தேகிப்பது?
பெட்டிக்குள் பெரியவன் அவன்தான்:
மூன்று விசிறி, முழங்கை நீளம்,
வாங்கியபோது என் ஒரு மாத வாடகை.
கிராஃபிக்ஸ் கார்டு.
படம் காட்டுகிறவன்தானே
படம் நின்றால் பதில் சொல்ல வேண்டும்?

டிரைவரைத் துடைத்தெடுத்துப் புதிதாய்ப் போட்டேன்.
கார்டைக் கழற்றி
அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன்.
யீஷூன் பதினோராம் மாடி ஈரக்காற்றில்
பிசுக்காய் ஒட்டியிருந்த தூசியைப் பல்துலக்கியால் கிளறினேன்.
வெப்பம் பார்த்தேன்: அறுபத்தெட்டு.
காய்ச்சல் இல்லை.
காய்ச்சல் இல்லாமலும் சாகிறார்கள் என்று
நானே தீர்ப்பெழுதினேன்.

'பழுது. உதிரிபாகத்துக்கு மட்டும். எண்பது வெள்ளி.'

ஹாஃபிஸ் என்றொரு பையன் காத்திப் ரயில்நிலையத்துக்கு வந்தான்.
வெளியே வந்தால் கட்டணம் என்று
கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.
எல்லையில் கைதி மாற்றுகிறவர்களைப்போல
தடுப்புக்கு மேலாக நீட்டினேன்.
கைப்பேசி கிணுங்கியது: எண்பது.
என்ன ஆச்சு இதுக்கு என்றான்.
செத்துப்போச்சு என்றேன்,
தோளைக் குலுக்கி.
ரயில் வந்துவிட்டது.

பன்னிரண்டு மாதத் தவணையில் புதுக் கார்டு.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதா வெளிச்சம்.
இரவு. வெயில். சிங்க்.

இருட்டு.

அப்போதுதான் குனிந்தேன்.
அடித்தட்டில், முகத்தைத் தரைக்குக் கொடுத்து,
யார் கண்ணிலும் படாமல் கிடந்தது பவர் சப்ளை.
ஐந்நூற்றைம்பது வாட் என்கிறது ஸ்டிக்கர்.
ஸ்டிக்கர் ஒட்டி ஏழு வருடம்.

எல்லா இணைப்பையும் பிடுங்கிவிட்டு
பச்சை வயரையும் கறுப்பு வயரையும்
ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்தேன்.
உடனே சுழன்றது.
சும்மா இருக்கையில்
யார்தான் சுழலமாட்டார்கள்.

சிம் லிம் நான்காம் மாடியில்
ஷு வென் எதுவும் விசாரிக்கவில்லை.
மீட்டரை வைத்தாள். சுமையை ஏற்றினாள்.
பன்னிரண்டு நிற்கவேண்டிய இடத்தில்
பதினொன்று புள்ளி எட்டு,
பதினொன்று புள்ளி மூன்று,
பத்து புள்ளி ஒன்பது,
தெரிந்தவர்முன் கடன் கேட்கும் குரல்போல இறங்கி
அணைந்தது.
"ஒரே கேபிளிலா ரெண்டு தலையையும் மாட்டியிருந்த?"
நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

எய்தவன் பெட்டிக்குள்ளேயே இருக்க
அம்பை விற்றிருக்கிறேன்.

எண்ணூற்றைம்பது வாட் புதிது.
தனித்தனியாய் இரண்டு கேபிள்.
அன்றிரவு வெயில் சிங்க்கைத் தாண்டி,
கெட்டிலின் வயிற்றில் மின்னி,
இல்லாத தரையில் விழுந்து கிடந்தது விடியும்வரை.
தெங்காக்காரர் காலையில் எழுதினார்:
மஞ்சள் கொஞ்சம் தூக்கல்.

அடுத்த செய்தி ஹாஃபிஸ்.
ஒரு புகைப்படம். மூன்று விசிறியும் சுற்றுகின்றன,
பின்னால் ஏதோ விளையாட்டில் ஒரு மலை எரிகிறது.
'அக்கா, இது ஓடுது! நல்லாவே ஓடுது!
இன்னும் காசு அனுப்பவா?'

வேண்டாம் என்று தட்டி, அழித்தேன்.
மன்னிச்சுக்கோ என்று தட்டி, அதையும்.
யாரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை
யாருக்கு அனுப்புவது?

'உன் பவர் சப்ளை எத்தனை வாட்?'

மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன,
மீண்டும் துள்ளின.
'நானூற்றைம்பது. ஏன்?'
கூடவே ஒரு சிரிப்பு முகம்.

கேபிள் ஒன்றா, இரண்டா என்று
தட்டத் தொடங்கினேன்.