ஏழடி உள்ளே

மோன் தீவில் அக்டோபர்.
நேற்றிரவு மழைக்கு வெண்பாறை இடிந்து
பாதிப் பாதை கடலோடு போயிற்று.
தோர்கிலும் இங்கெபோரும்
வேலிக்கம்பங்களைப் பிடுங்கி
ஏழடி உள்ளே தள்ளி நடுகிறார்கள்.
சம்மட்டி ஓசைக்கு நடுவே
மீனைப் பொரிப்பதா ஊறவைப்பதா என்று வாக்குவாதம்.

படியிறங்கினேன்.
கைப்பிடி தொட்ட கையெல்லாம் சுண்ணாம்பு.
கரையோரம் கடலும்
அரிசி களைந்த நீராய் வெளுத்திருந்தது.

போன மாதம் விழுந்த மேப்பிள்
தலைகீழாய்க் கிடக்கிறது,
வேர் வானத்தில், கிளை உப்பில்.
மேலே நிற்கிற மரங்களோடு சேர்ந்து
அதுவும் பழுத்துக்கொண்டிருக்கிறது.
யாரும் இன்னும் சொல்லவில்லை போலும்.

திரும்பி ஏறியபோது வேலி முடிந்திருந்தது.
பழைய கம்பம் ஒன்று மட்டும்
விளிம்பில், பாதி அந்தரத்தில்.
மறந்துவிட்டீர்களா என்றேன்.
கையுறையைக் கழற்றியபடி தோர்கில்,
"அதைக் கடல் பிடுங்கிக்கொள்ளும்" என்றார்.

காற்றில் மீன் பொரியும் வாசம்.