டேக்

ஜாலான் டூத்தா நீதிமன்றம், மூன்றாம் மாடி.
காபி மெஷின் என் ஒரு வெள்ளியை விழுங்கிவிட்டு
சும்மா நிற்கிறது.
மலாய் பாதி இங்கிலீஷ் பாதி நடக்கிற இடம்,
இன்றைக்கு இங்கிலீஷ்.
இருபத்திரண்டு வருஷமாய் இங்கே
அடுத்தவர் சொன்னதைத்தான் சொல்லிவருகிறேன்.

டேக் சுலபமான சொல்.
நாக்கு அண்ணத்தை ஒருதரம் தட்டினால்
பாதி முடிந்தது.
காலையில் பிரஷர் மாத்திரை டேக் செய்கிறேன்,
தமிழில் போடுகிறேன்.
செந்தூலில் எல்ஆர்டி டேக் செய்கிறேன்,
தமிழில் ஏறுகிறேன்.
லஞ்ச் டேக் பண்ணியாச்சா என்று சூ லின் கேட்டால்
சாப்பிட்டேன் என்பது பதில்.
என் மூத்தவள் மூக்கு விஷயத்தில்
அவள் அப்பாவை டேக் செய்திருக்கிறாள்.
அவர் போய் ஆறு வருஷம்;
மூக்கு இன்னும் வீட்டில் நடமாடுகிறது.

சரி, வழக்கு.

கூண்டில் சேவுகன், இருபத்தாறு வயது,
ஊர் காளையார்கோவில் பக்கம்.
கெப்போங்கில் ரொட்டி சானாய் வீசுகிறவன்.
முதலாளியின் இழுப்பறையிலிருந்து காணாமல் போனது ஓர் உறை.
உள்ளே இரண்டாயிரத்து எழுநூறு வெள்ளி,
ஒரு பாஸ்போர்ட்.
பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் முகம்
கூண்டில் நிற்கிற முகம்தான்.
வெள்ளி, தராத சம்பளம் என்கிறான்.

டிட் யூ டேக் இட்? கேட்டார் அரசு வக்கீல்.
எடுத்தீங்களா? கேட்டேன் நான்.
"எடுத்துக்கிட்டேங்க."

எடுத்தேன் அல்ல.
எடுத்துக்கிட்டேன்.
வாயில் கிட்டேன், ஏட்டில் கொண்டேன்.
பந்தியில் கூச்சப்படுகிறவரிடம்
எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க என்று தட்டை நீட்டுவோமே,
அந்தக் கொள்.
வெளியே போன கை
மார்புப் பக்கம் திரும்புகிற இடம்.
திருடனும் எடுத்துக்கொள்வான், தெரியும்.
ஆனாலும் இவன் அதை
சட்டைப் பொத்தான் போடுவதுபோல் சொன்னான்.

இங்கிலீஷில் தேடினேன். மூன்று விநாடி.
மாஜிஸ்ட்ரேட்டின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.
"ஹி டுக் இட்" என்றேன்.
கிட்டேன் என் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது,
பல்லிடுக்குக் கறிவேப்பிலை மாதிரி.

"ஐ டேக் இட் ஹி அட்மிட்ஸ்," என்றார் அவர், எழுதியபடி.

இதையும் சொல்லியாக வேண்டும், என் வேலை அது.
"நீங்க ஒத்துக்கிட்டதா
அம்மா எடுத்துக்கிறாங்க."

சேவுகன் தலை நிமிர்ந்தான்.
முதல்முறையாக என்னைப் பார்த்தான்.
"அவங்களும் எடுத்துக்கிறாங்களா?"

என்ன சொல்கிறான் என்றார் மாஜிஸ்ட்ரேட்.
நாக்கை அண்ணம்வரை கொண்டுபோனேன்.