ஐந்து ஒன்பது ஒன்பது

சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து
திங்கள் காலை எட்டு வரை
நான் யாரோடும் பேசவில்லை.
இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரைச் சந்தித்தேன்.

ஆயர் ஈத்தாமில் பதினேழாவது மாடி.
மொட்டைமாடி ஆண்டெனாவுக்கு
நிர்வாகக் குழு தந்த அனுமதி மூன்று வரி,
நிபந்தனை பதினொன்று.
கீழ்வீட்டு மேடம் கூய்
தொலைக்காட்சியில் கோடு விழுந்தால்
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார்.
இரண்டு தட்டு: குறை.
மூன்று: நிறுத்து.
அவருக்கும் உரிமம் எடுத்துக் கொடுக்கலாம்.

எங்கள் போட்டியில் சுரம் இரண்டே.
மேலே ஒன்று, கீழே ஒன்று.
ஐந்து துடிப்பு சேர்ந்தால் ஓர் எழுத்து.
திரையில் உன் அழைப்புக்குறி வரும், என்னுடையது போகும்.
"ஐந்து ஒன்பது ஒன்பது" என்போம்.
உன் ஒலி தெள்ளத் தெளிவு என்று பொருள்.
எல்லோரும் எல்லோருக்கும் அதையேதான் சொல்வோம்,
இரைச்சலில் மூழ்கி மூச்சுத் திணறுகிறவனுக்கும்.
கல்யாணப் பந்தியில்
'சாம்பார் பிரமாதம்' என்பதைப் போல.
பிறகு ஒரு வரிசை எண்.
அடுத்தவர்.

முகுந்தன் பையனைக் கூட்டிக்கொண்டு
பட்டர்வொர்த்துக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்,
ஆறு அவித்த முட்டைகளையும்
"ஜெயிச்சா என்ன தருவாங்க, தவமணி?" என்பதையும்
மேசைமேல் வைத்துவிட்டு.
காகிதம், என்றேன்.
சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கொடிமலையில் இடி.
வயரைப் பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு
எழுபது நிமிடம் மழையை முறைத்தேன்.
நிமிடத்துக்கு ஒருவர் என்றாலும்
எழுபது பேர் நனைந்து போனார்கள்.

திங்கள், ஏழு ஐம்பத்திரண்டு.
நாட்டின் பழைய சாதனை இரண்டாயிரத்து நூற்று முப்பத்தொன்று.
என் கணக்கில் நூற்று நாற்பது.
ஒன்பது கூடுதல் போதாது,
தணிக்கையில் பத்துப் பன்னிரண்டு உதிரும்.
ஓட வேண்டிய நேரம்.

அப்போதுதான் கம்சத்காவிலிருந்து ஒருவர்.
பாதி எழுத்து வந்தது, மீதியைத் துருவம் தின்றது.
திரும்பக் கேட்டேன். திரும்ப அனுப்பினார்.
எண்ணாக வர வேண்டியது எழுத்தாகச் சரிந்து
திரையில் கோணலாக நின்றது:
பீ பீ கியூ.
இந்தத் தடுமாற்றம் எனக்குப் பழக்கம்.
பீ என்றால் பூச்சியம், கியூ என்றால் ஒன்று.
பூச்சியம் பூச்சியம் ஒன்று.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில்
அவருக்கு நான்தான் முதல் ஆள்!
கணப்படுப்பு, பனி, கையுறை கழற்றிய விரல்
எல்லாவற்றையும் நானே கற்பித்துக்கொண்டேன்.
நான்கு நிமிடம் போயிருந்தது. அதில் ஐந்து பேரைப் பிடித்திருக்கலாம்.
"ஐந்து ஒன்பது ஒன்பது" என்று அனுப்பினேன்.
அந்த வாரக்கடைசியில்
அதை நான் மனதாரச் சொன்னது அவருக்கு மட்டும்.

கீழே மேடம் கூய் ஒருமுறை தட்டினார்.
ஒன்றுக்கு என்ன அர்த்தமென்று
நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது.
பதினொன்றைக் கழித்தார்கள்.
நான்கு வித்தியாசத்தில் சாதனை என்னுடையது.
கிளப்பில் ஹஷிம் கேக் வெட்டினார்,
ஐசிங்கில் என் அழைப்புக்குறியில் ஓர் எழுத்துப் பிழை.

கழித்த பதினொன்றில் ஒரு வரி:
'நீங்கள் பதிந்தது பூச்சியம் பூச்சியம் ஒன்று.
அவர் அனுப்பியது பூச்சியம் பூச்சியம் இரண்டு.
நீக்கம்.'

ஐந்து துடிப்பில் நடுத்துடிப்பு ஒன்று
வழியில் எங்கோ புரண்டிருக்கிறது.

அப்படியானால்
எனக்கு முன்பே யாரோ
அவரைக் கேட்டிருக்கிறார்கள்.

கேக்கை மென்றபடி அதையே யோசித்தேன்.
யாராக இருக்கும்?
எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள்?
கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.